வலிய மோதல் குற்றமாகுமா?

விளையாட்டுக்களமும் ஒரு வகுப்பறையே என்று பரிசளிப்பு விழாக்கள்தோறும் சொல்லி வருகின்றோம். அஃது உண்மையாயின், அக்களத்தில் நாம் வழங்கும் தீர்ப்புகளும் மாணாக்கர்க்குப் பாடங்களே ஆகும். விதியை மீறாது, ஆயினும் முழு வலியோடு எதிரணியாளனை மோதி வீழ்த்திய ஒருவனைத் தண்டித்தல் முறையாகுமா என்னும் வினாவைப் பழைய மாணவர், ஆசிரியர், இன்றைய மாணாக்கர் ஆகிய யாவர் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

இவ்வினா ஏட்டிற் பிறந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய வேறொரு பாடசாலையின் அணி, தோட்டத்து மைதானமொன்றில் உதைபந்தாடியது. வலப்பனைப் பகுதி மைதானங்களை அன்பர்கள் அறிவர். மலையை வெட்டிச் சமன்செய்த சிறு நிலம். ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் தேயிலைச் சரிவு. கோட்டோரமாகப் பந்தைக் கொண்டோடிய சிறுவனை எமது மாணவன் தோளோடு தோள் மோதித் தள்ளினான். மத்தியஸ்தர் ஊதவில்லை, ஊதுவதற்குப் பிழையும் இல்லை. ஆனால் வீழ்ந்த சிறுவனுக்குக் காறையெலும்பு முறிந்தது. மறுநாட் கூட்டத்தில், மோதியவன் அவ்வாண்டு முழுவதும் விளையாடலாகாது என்று தீர்ப்பாயிற்று. அவன் மீறிய விதி யாது என ஒருவரும் சொல்லவில்லை. முறிந்த எலும்பே சாட்சியாயிற்று. நாமும் அங்கிருந்தோம், வாய்திறந்திலோம். அம்மாணவன் அதன்பின் பந்தைத் தொடவேயில்லை.

உதைபந்தாட்டத்தின் 12 ஆம் விதி தோள்மோதலை முற்றாக விலக்கவில்லை. கவனமின்றி மோதினாலும், எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தை மதியாது மோதினாலும், அளவிறந்த வலியோடு மோதினாலும் அது குற்றமாகும். இரண்டாவதற்கு மஞ்சள் அட்டை. மூன்றாவதற்குச் சிவப்பு அட்டை. இங்கே விதி அளப்பது செயலை, விளைந்த காயத்தையன்று. காயத்தையே அளவுகோலாகக் கொண்டால், ஒரே மோதலைப் புற்றரையிற் செய்தவன் வீரனும், கற்றரையிற் செய்தவன் குற்றவாளியும் ஆவர். அப்போது தண்டனை நீதியின் கையினின்று தற்செயலின் கைக்குப் போய்விடும்.

“அவ்வாறாயின் விதி விலக்காததெல்லாம் நன்றோ?” என வினவுவார் உளர். தக்க வினாவே. 1975 ஜூன் 11 ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில், உலகக் கிண்ணப் போட்டியொன்றில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவை எதிர்த்தாடியது. ஜெப் தொம்சனின் பந்து துலீப் மெண்டிசின் தலையிற் பட்டது. சுனில் வெத்தமுனியின் பாதத்தையும் அவரது பந்து தாக்கியது. இருவரும் ஆட்டத்தை விட்டு வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. அப்படியிருந்தும் இலங்கை 4 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 276 ஓட்டங்களைப் பெற்றது. விதிக்குள் நின்று வீசிய தொம்சன் தண்டிக்கப்படவில்லை, தண்டிப்பதும் முறையன்று. பின்வந்த ஆண்டுகளிலே தலைக்கவசம் பரவியது. ஓர் ஓவரில் வீசத்தக்க பவுன்சர்களுக்கும் வரம்பு வகுக்கப்பட்டது.

குளிர்நாடுகளில் பனித்தரையில் ஆடும் ஹொக்கி இதனை இன்னும் தெளிவாக்கும். அவ்வாட்டத்தில் எதிராளியை உடலால் மோதித் தடுத்தல் விதிக்குட்பட்டது. 2010 மார்ச் 7 ஆம் நாள், பொஸ்டன் அணியின் மார்க் சவார்ட் என்பவரை, அவர் காணாத பக்கத்திலிருந்து வந்து பிற்ஸ்பேர்க் அணியின் மற் குக் தோளால் தலையில் மோதினார். சவார்ட் மூளையதிர்ச்சியுற்றார். அன்றைய விதிப்படி அது குற்றமன்று என்பதால் குக்குக்குத் தண்டனை இல்லை. ஆயினும் அம்மாதத்திலேயே, காணாத பக்கத்திலிருந்து தலையை மோதுதலை விலக்கி விதி செய்தனர். பழைய செயலுக்குப் புதிய தண்டனை தேடாமல், வருங்காலத்துக்குப் புதிய வேலி கட்டியமையே அதன் சிறப்பு.

புறங்கொடுத்து ஓடுவோர்மீது படைக்கலம் ஓச்சாமையைத் தழிஞ்சி எனத் துறைவகுத்துப் போற்றியது நமது புறப்பொருள் வெண்பாமாலை. வீரர்க்கு அஃது அச்சத்தால் வந்த கட்டுப்பாடன்று, பெருமையால் வந்தது. வள்ளுவரும் செங்கோன்மையை 55 ஆம் அதிகாரமாகவும் கண்ணோட்டத்தை 58 ஆம் அதிகாரமாகவும் வைத்தார். நடுவனுக்குச் செங்கோன்மை வேண்டும். ஆட்டக்காரனுக்குக் கண்ணோட்டம் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யப் புகுந்தால் இரண்டும் கெடும்.

ஆதலின் எமது கருத்து இதுவே: மத்தியஸ்தர் விதியைக் கொண்டே தீர்ப்பளிக்கட்டும். விதி போதாதெனிற் பாடசாலைகள் ஆட்டத்துக்கு முன்னரே ஒன்றுகூடித் திருத்தட்டும். மண்மேட்டோரத்திலும் சரிவோரத்திலும் தோள்மோதல் இல்லையென்று இரு அணித்தலைவரும் மத்தியஸ்தர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்? தன்னினும் மெலிந்தவனைக் கண்டு வலியை அடக்கிக்கொள்ளும் பண்பையோ, எந்த விதியாலும் ஊட்ட முடியாது. அது பயிற்றும் ஆசிரியரின் கடன். அக்கடனை நாம் செய்யாதிருந்துவிட்டு, எலும்பு முறிந்தபின் மாணவனைத் தண்டிப்பது எமது குறையை அவன் தலையில் ஏற்றுவதாகும்.

அன்றைய கூட்டத்திற் சொல்லாத சொல்லை இன்று இம்மலரிற் சொல்கின்றோம்: அம்மாணவன் குற்றமற்றவன். கண்ணோட்டமுள்ள ஆட்டக்காரரையும் நடுநிலை பிறழாத நடுவரையும் நமது கல்லூரி நெடுங்காலம் வளர்ப்பதாக.