கடலுக்கடியில் இருந்து ஒரு சேதி

பி.காம் படிக்கிறவனுக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். என் ஊர் பொம்மையார்பாளையம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நான் கைக்குழந்தை. அன்று எச்சரிக்கை எதுவும் வரவில்லை. எச்சரிக்கை மையமே ஹைதராபாத்தில் 2007ல்தான் வந்தது.

ஆழ்கடல் தரையில் ஒரு கருவி நீரழுத்தத்தை அளக்கிறது. ரேடியோ அலை உப்புநீரில் தூரம் போகாது. அதனால் ஒலியாக, நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில், மேலே மிதவைக்குச் சேதி அனுப்பும். மிதவை அதைச் செயற்கைக்கோளுக்குத் தரும்.

பல கருவிகளை வைத்து, கைமாற்றிக் கைமாற்றிச் சேதி அனுப்பும் வழிகளை ஆராய்ச்சியாளர்கள் யோசிக்கிறார்கள். கம்பியில்லாமல் வரும் சேதிக்குப் பெரும்பாலும் கடைசியில் மேலே ஒரு மிதவை வேண்டும். அது அறுந்தால் கீழே எவ்வளவு கத்தினாலும் வீண்.

மிதவைக்கடியில் மீன் கூடும். விசைப்படகுகள் அதில் கட்டி மீன் பிடிக்கும்போது சேதமாகிறது. மீனவர்களைத் திட்டுவது சுலபம். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறார்கள், நல்லதுதான். ஆனால் அறிவுரை மட்டும் போதாது. அங்கே போய்வரும் படகுக்காரர்களிடமே காவல் பொறுப்பைக் கூலியோடு கொடுங்கள் என்பது என் கருத்து. சொத்து வாங்கினால் பராமரிப்புச் செலவும் கணக்கில் வரவேண்டும், முதல் வருஷப் பாடம்தானே!

மிதவை வாயடைத்துப் போனால் முதலில் நனைவது எங்க வீடு. நீங்க என்ன நினைக்கிறீங்க?