கலப்பு வேற, கலப்படம் வேற!

டூட்டி ஃப்ரீ பையோடு ஊருக்கு வரும் மாமாக்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலை மேசையில் வைத்ததும் ஒரு வசனம் கட்டாயம் வரும். "இது சுத்தமான ஷார்டனே. ஒரே திராட்சை. மத்ததெல்லாம் ப்ளெண்டு... கலப்புச் சரக்கு!" அந்தக் 'கலப்பு' என்ற வார்த்தையைச் சொல்லும்போது முகம் லேசாகச் சுளிக்கும் பாருங்கள், பிரச்சினையே அங்கேதான்.

முதலிலேயே சொல்லிவிடலாம். இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. ஒரு வார்த்தையைத் தப்பாகப் பயன்படுத்துவதைப் பற்றியது.

கல்மண்டபம் பக்கம் எந்த மிளகாய் மிஷினுக்காவது போய் வரிசையில் நிற்பவர்களின் பையைத் திறந்து பாருங்கள். காரத்துக்கு நீட்டு மிளகாய், நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய், குழம்பு கெட்டியாக வரத் தனியா, கொஞ்சம் மிளகு, சீரகம், வெந்தயம். அளவு வீட்டுக்கு வீடு மாறும். மீன் குழம்புக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. "தனியா கலந்துட்டீங்களே, இது கலப்படம்" என்று அங்கே யாராவது சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் அதே தூளில் ஒருவன் செங்கல் பொடியைச் சேர்த்தால் அது கலப்படம். வித்தியாசம் ஒன்றுதான். முதலாவது ருசிக்காகத் தெரிந்தே சேர்ப்பது. இரண்டாவது காசுக்காக மறைத்துச் சேர்ப்பது.

பிரான்ஸ்காரன் செய்வதும் இந்தக் குழம்புத்தூள் வேலைதான். போர்டோ பகுதியின் வெள்ளை ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக மூன்று வெள்ளைத் திராட்சைகள். செமியோன் கனத்தைக் கொடுக்கும். சாவிஞோன் பிளாங் புளிப்பைக் கொடுக்கும். மஸ்கடெல் கொஞ்சமாகச் சேர்த்தால் வாசனை. அங்கேயே சோத்தெர்ன் என்ற இடத்தில் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். செமியோனுக்குத் தோல் மெல்லியது. இலையுதிர் காலப் பனிமூட்டத்தில் ஒரு பூஞ்சை பிடித்து, தண்ணீர் வற்றி, பழத்தில் சர்க்கரை ஏறிவிடும். அதை மட்டும் வைத்துச் செய்தால் திகட்டும். அதனால்தான் புளிப்புக்கு சாவிஞோன். 1855-இல் போர்டோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது, வெள்ளையில் எல்லாவற்றுக்கும் மேலே தனிப்படியில் வைத்த ஷாத்தோ திகெம் இப்படிப்பட்ட கலவைதான். 2012-இல் விளைச்சல் சரியில்லை என்று அந்த வருடத்து ஒயினையே அவர்கள் வெளியிடவில்லை. 'கலப்புச் சரக்கு' விற்பவர்களின் ரோஷத்தைப் பார்த்தீர்களா?

ஷாம்பெய்ன் கதை இன்னும் சுவாரசியம். அது குளிர்ப் பிரதேசம், ஒரு வருடம் போல் இன்னொரு வருடம் பழுக்காது. அதனால் ஷார்டனே, பினோ நுவார், மெனியே என்று மூன்று வகையை மட்டும் அல்ல, பழைய வருடங்களில் எடுத்து வைத்த ஒயினையும் கலக்கிறார்கள். ரிஸ்க்கைப் பிரித்துப் போடுவது என்று பி.காம் வகுப்பில் நடத்துவார்களே, அதேதான். தோம் பெரிஞோன் என்ற துறவி நுரையைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததுதான் அவர் உண்மையில் பேர் வாங்கிய வேலை.

அப்படியென்றால் பிரான்ஸில் கலப்படமே இல்லையா? ஏன் இல்லை! 1907-இல் தெற்கே லாங்தோக் பகுதியில் லட்சக்கணக்கான விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். விலை விழுந்ததற்கு, தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துப் போலி ஒயின் விற்றவர்கள்மேல்தான் அவர்கள் கோபம். ராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. அதே வருடம் சட்டம் வந்தது. 1911-இல் ஷாம்பெய்னில் கலவரம். வியாபாரிகள் வெளியூரிலிருந்து மலிவுத் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெய்ன் என்று விற்றதால் வந்த கோபம் அது. விவசாயி கலவையை எதிர்க்கவில்லை, பொய்யைத்தான் எதிர்த்தான்.

"சரி, பர்கண்டி வெள்ளை ஒயின் ஒரே ஷார்டனேதானே? உலகத்திலேயே விலை அதிகமான வெள்ளை ஒயின்கள் அங்கேதானே இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே திராட்சையிலும் அருமையான ஒயின் வரும், யார் மறுத்தது? ஆனால் ஒரே திராட்சை என்பதாலேயே உசத்தி என்பதுதான் அபத்தம். அந்த 'ஒரே திராட்சை' லேபிளையும் கொஞ்சம் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி 85 சதவீதம் இருந்தாலே அந்தத் திராட்சையின் பெயரைப் போடலாம். அமெரிக்காவில் பொதுவாக 75 சதவீதம் போதும். மாமாவின் பாட்டில் கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்தால் அதில் கால்வாசி வேறு திராட்சையாக இருக்கலாம்!

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. 1999-இல் டி.என்.ஏ. சோதனை செய்து ஷார்டனேயின் அப்பா அம்மாவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் பினோ, பிரபுக்கள் கொண்டாடிய திராட்சை. இன்னொரு பக்கம் குவே பிளாங், மட்டம் என்று ஒதுக்கிய குடியானவர் திராட்சை. 'சுத்தமான' ஷார்டனேயே கலப்புக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை! அவ்வளவு தூரம் எதற்கு? 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை. அதுவும் ஒரு கறுப்புத் திராட்சைக்கும் ஒரு வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்ததுதான்.

இந்த ஊரில் 'கலப்பு' என்ற வார்த்தை திராட்சையோடு நின்றால் பரவாயில்லை. கல்யாணப் பேச்சிலும் அதே முகச்சுளிப்போடு வருகிறது. 'சுத்தம்' என்று மார் தட்டுகிறவர்களுக்கு மூன்று தலைமுறைக்கு முன்னால் என்ன நடந்தது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அடுத்தவனை மட்டம் தட்ட அந்த ஒரு சொல் போதும்.

கேட்க வேண்டிய கேள்வி "சுத்தமா?" என்பது இல்லை. "என்ன, எவ்வளவு, மறைக்காமல் சொல்லியிருக்கிறதா?" என்பதுதான். காபித்தூள் பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டாக வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி. அதைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவதில்லை. 80க்கு 20 கலந்து குடிப்பதால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை. அடுத்த முறை மாமா வசனம் பேசினால், பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். அது போதும்.