நாரி நோவுக்கு நாரியை மட்டும் பார்க்கலாமா?

டைகர் வூட்ஸுக்கு 2014இல் முதுகில் சத்திரசிகிச்சை. 2017இல் நாரி முள்ளெலும்புகளையே இணைத்தார்கள். 2019இல் மாஸ்டர்ஸ் வென்றார். நாம் பேசுவது அந்த வெற்றியைத்தான். யாரும் வந்து மோதாத கோல்ஃபில் நாரி எப்படிப் பழுதாகிறது?

வலக்கைக்காரர் பந்தை அடிக்கும்போது உடம்பு இடது இடுப்பு மூட்டின் மேல் சுழல வேண்டும். அது இறுகியிருந்தால் மிச்சச் சுழற்சி நாரிக்குப் போகிறது. நாரி எலும்புகளோ குனிந்து நிமிரப் படைக்கப்பட்டவை, அதிகம் முறுக்க அல்ல. நோவுள்ள கோல்ஃப் வீரர்களிடம் இந்த இறுக்கத்தைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. (முதலில் வந்தது நோவா இறுக்கமா என்பது வேறு கதை.)

நாமோ நாரியில் தைலம் தேய்க்கிறோம், பயிற்சியாளர் அடிக்கும் முறையைத் திருத்துகிறார். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து, இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்களேன். இரண்டு நிமிடம் போதும்.