முன்னோர் உறங்கும் இடம் லாலாங் காடாகலாமா?

தோட்டம் விலைபோகிறது என்றால் நாம் எதையெதைக் கேட்கிறோம்? வீட்டைக் கேட்கிறோம். கோயிலைக் கேட்கிறோம். தமிழ்ப்பள்ளியைக் கேட்கிறோம். எல்லாம் நியாயமான கோரிக்கைதான். ஆனால் காட்டோரத்திலே கிடக்கிற சுடுகாட்டுக்காக வாய் திறப்பவர் எத்தனை பேர்? "செத்தவங்க இடந்தானே, அதுக்கென்ன இப்ப?" என்று விட்டுவிடுகிறோம்.

அங்கே படுத்திருப்பவர்கள் யார்? 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழியுமுன் வந்தவர்கள். அதன்பின் கங்காணி கூட்டி வந்தவர்கள். காட்டை அழித்து ரப்பர் கன்று நட்டவர்கள். மலேரியாக் காய்ச்சலிலே மாண்டவர்கள். 1942, 43-இல் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப்போகப்பட்ட நம்மவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு மண்மேடும் இல்லை, பெயரும் இல்லை. இங்கே மேடாவது மிச்சம் இருக்கிறது. அதையும் லாலாங்குக்குக் கொடுக்கலாமா?

மற்ற இனத்தாரைப் பாருங்கள். சீனர்கள் ஏப்ரல் மாதம் சிங் மிங் வந்தால் குடும்பத்தோடு போய்ப் புல் வெட்டுகிறார்கள். மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாள் காலையில் கல்லறைக்குப் போகிறார்கள். நம் கிறிஸ்தவ சகோதரர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நாமோ கருமாதி முடிந்ததும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடி அமாவாசைக்கு வீட்டிலே படையல் போடுகிறோம். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைச் சுடுகாட்டுக் கோத்தோங் ரோயோங்குக்கு ஒதுக்கினால் என்ன?

சிங்கப்பூர் புக்கிட் பிரவுனைச் சொல்ல வேண்டும். 1922-இல் திறந்து 1973-இல் மூடப்பட்ட சீனர் இடுகாடு அது. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். காவலுக்கு நிற்கிற சீக்கியர் சிலைகளும் அங்கே உண்டு. 2011-இல் அதன் குறுக்கே சாலை போடப்போவதாக அறிவித்தார்கள். தொண்டர்கள் புதரை விலக்கிக் கல்லறைகளைத் தேடினார்கள், எழுத்துகளைப் படித்தார்கள், ஊராரை அழைத்துக் காட்டினார்கள். சாலை நிற்கவில்லை, சுமார் 3,700 கல்லறைகள் எடுக்கப்பட்டன. ஆனாலும் எடுக்குமுன் அவை படத்தோடு பதிவாயின. பெயர்கள் மண்ணோடு போகவில்லை. நமக்கு அதிலே பாடம் இருக்கிறது.

நம் சுடுகாட்டிலும் வேலைக்கு முறை உண்டு. புல்லுக்கு மருந்து அடிக்க வேண்டாம்; மண் வெறுமையானால் மழையிலே மேடு கரைந்துவிடும். கையால் வெட்டுவோம். தலைமாட்டிலே நிற்கிற அரளியோ குரோட்டனோ யாரோ அடையாளத்துக்கு நட்டதாக இருக்கலாம். பெரியவர்களைக் கேட்காமல் பாராங்கை ஓங்கக்கூடாது. எழுத்துள்ள கல்லைத் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்தால் போதும். எழுத்தின்மேல் சாயம் பூசவே கூடாது. கைப்பேசியில் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். கல் இல்லாத மேடுகளுக்குப் பாட்டி தாத்தாமார் வாயிலிருந்து பெயரை வாங்கி நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அவர்களும் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரலாமா?" என்று ஒரு கேள்வி எழும். இருட்டோடு பெரட்டுக்கு வந்து, ஆண்களுக்குச் சமமாய் நிரை பிடித்தவர்கள் நம் தாய்மார்கள். தன் தாயின் மேட்டிலே புல் பிடுங்க மகளுக்கு என்ன தடை? தாராளமாய் வரலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். செடி நட்டதால் நிலம் நம்முடையது ஆகிவிடாது. பல சுடுகாடுகள் கம்பெனி கிராண்டுக்குள்ளேயே இருக்கின்றன. நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளது. ஆகவே நோட்டுப் புத்தகத்தையும் படங்களையும் கையில் வைத்துக்கொண்டு தோட்ட நிர்வாகத்துக்கும் மாவட்ட நில அலுவலகத்துக்கும், அந்த இடத்தைப் பிரித்துச் சுடுகாட்டு நிலமாக ஒதுக்கிக் கெசட்டில் போடச் சொல்லி எழுதுங்கள். தோட்டம் விற்ற பிறகு அழுது பயனில்லை. புதர் மண்டிய இடத்தைக் காட்டி, "யாரும் வர்றதே இல்லையே" என்று வாங்குகிறவன் சொல்லுவான். வெட்டிய புல்லும் பூத்த செடியும் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகளே, உங்களுக்கும்தான் சொல்கிறோம். வருஷத்தில் ஒரு காலைப் பொழுது கேட்கிறோம். அது பெரிய கூலியா?