வலி எங்கே போயிற்று?

வீட்டில் விசேஷம். கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும் உங்கள் கையில் கொதிக்கிற எண்ணெய் தெறிக்கிறது. 'ஸ்...' என்று கையை ஒரு தரம் உதறிவிட்டு, அடுத்த அப்பளத்தைப் போடுகிறீர்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டு, "அப்பாடா!" என்று உட்கார்ந்த பிறகுதான் கை திகுதிகுவென்று எரிகிறது. இவ்வளவு நேரம் அந்த வலி எங்கே போயிருந்தது?

கவனம் வேறு பக்கம் இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, சகோதரிகளே! நம் உடம்பே வலிக்கு மருந்து தயாரித்துக்கொள்கிறது. அதன் பெயர் எண்டார்ஃபின்.

அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் வலியை அடக்கும் என்பது வைத்தியர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். அது மூளையில் போய்ப் பொருந்துவதற்கென்றே இடங்கள் இருப்பதை, 1973-ல் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பூட்டு இருக்கிறது, சாவியோ எங்கோ விளையும் ஒரு செடியின் பாலில் இருக்கிறது. இது என்ன வேடிக்கை? உடம்புக்குள்ளேயே சொந்தச் சாவி ஒன்று இருந்தாக வேண்டுமே!

அதைத் தேடியவர்களில் இருவர், ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும். விடியற்காலையில் ஹியூஸ் சைக்கிளில் கசாப்புக் கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளைச் சேகரித்து வருவாராம். 1975-ல் சாவி அகப்பட்டது. அதற்கு என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். அதன் உறவான பீட்டா எண்டார்ஃபினை அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சோ ஹாவ் லீ என்பவர், ஒட்டகத்தின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். 'உள்ளே பிறக்கும் மார்ஃபின்' என்பதே எண்டார்ஃபினுக்கு அர்த்தம்.

பிரசவ வேதனை ஏற ஏற, தாயின் இரத்தத்தில் இதுவும் ஏறுகிறது. வேதனையில் மட்டுமல்ல, சந்தோஷத்திலும் இந்த மருந்துகள் சுரக்கும். சிநேகிதர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையில் இவை சுரப்பதை, ஃபின்லாந்தில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஆகவே, மாலையில் அண்டை வீட்டாரோடு சிரித்துப் பேசுவதை வெட்டிப் பொழுது என்று யாராவது சொன்னால், பதில் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கிறது!

இன்னொரு சங்கதியும் கேளுங்கள். "வெறும் மாத்திரை கொடுத்தேன், தலைவலி போய்விட்டதே! எல்லாம் பாசாங்கு" என்று சில வீடுகளில் பெண்களைக் கேலி செய்வதுண்டு. 1978-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில், கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்து என்ற பெயரில் மருந்தில்லாத ஒன்றைக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். எண்டார்ஃபின் பொருந்தும் பூட்டுகளை அடைத்துவிடும் மருந்து அது. அவர்களுக்கு வலி மறுபடி ஏறிவிட்டது! நிவாரணம் வரும் என்ற நம்பிக்கையே உடம்பின் மருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது. ஆகவே வலியும் பொய்யல்ல. அது தணிந்ததும் பொய்யல்ல.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மருந்து வலியை அமுக்கும், வியாதியைத் தீர்க்காது. வலி என்பது உடம்பு அனுப்பும் கடுதாசி. அது தாமதமாக வந்தாலும் பிரித்துப் படித்தாக வேண்டும். "தாங்கிக்கொள்ள முடிகிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாதக் கணக்கில் வயிற்று வலியோடும் மார்பு வலியோடும் அடுப்படியில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! தாங்க முடிகிறது என்பதனால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. வைத்தியரிடம் காட்டுங்கள்.

எண்ணெய் தெறித்தாலும் அப்படித்தான். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் கையைக் காட்டுங்கள். அப்பளத்தை வேறு யாராவது பொரிக்கட்டும்!