பேட்டரி தனியாக வாங்க வேண்டும்!

பைத்தான் ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. இந்த மொழி "பேட்டரியோடு சேர்த்தே வருகிறது" என்பார்கள். பொம்மை வாங்கிவிட்டு பேட்டரிக்கு வேறு கடை தேட வேண்டாம், எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பட்டன், ஜன்னல், மெனு எல்லாம் திரையில் வரவழைக்கும் டிகேஇன்டர் என்ற லைப்ரரியும் அந்தப் பேட்டரிகளில் ஒன்று. விண்டோஸில் பைத்தானின் அதிகாரப்பூர்வ நிறுவியை ஓட்டினால் அதுவும் கூடவே வந்துவிடும். மூன்று நான்கு வரி எழுதினால் ஒரு குட்டி ஜன்னல் திறக்கும்.

அதே வரிகளை உபுண்டு 24.04-ல் அப்படியே ஓட்டினால்? 'டிகேஇன்டர் என்ற பெயரில் மாட்யூல் எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வரும். புத்தகமோ அது பைத்தானோடு வருகிறது என்கிறது. சரக்கு பேரேட்டில் இருக்கிறது, கிடங்கில் இல்லை! கணக்கு படிக்கும் யாருக்கும் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏன் இப்படி? டிகேஇன்டர் ஒரு பாலம்தான். அதற்கு அடியில் வேலை செய்வது டிகே என்ற தனி மென்பொருள். பெர்க்லியில் ஜான் ஊஸ்டர்ஹவுட் தம்முடைய டிசிஎல் மொழிக்காக உருவாக்கியது அது. லினக்ஸில் டிகே ஜன்னல் வரைய வேண்டுமென்றால் எக்ஸ் லைப்ரரிகள் சிலவும் கூடவே வர வேண்டும். ஆனால் லினக்ஸ் ஓடும் கணினிகளில் ஏராளமானவை சர்வர்கள். மானிட்டரே இல்லாத இயந்திரத்துக்கு ஜன்னல் எதற்கு? அதனால் டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் இதைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்துள்ளன. இந்த முடிவில் தப்பே இல்லை.

தீர்வும் சுலபம்தான். உபுண்டுவில் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-டிகே' என்ற ஒரே கட்டளை போதும். ஃபெடோராவில் பொதியின் பெயர் 'பைத்தான்3-டிகேஇன்டர்', ஆர்ச்சில் வெறும் 'டிகே'. பிறகு 'பைத்தான்3 -எம் டிகேஇன்டர்' என்று அடித்தால் சோதனை ஜன்னல் ஒன்று எழும். அவ்வளவுதான்! ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். இந்தப் பொதி லினக்ஸோடு வந்த பைத்தானுக்கு மட்டுமே. பைத்தானைத் தானே கம்பைல் செய்பவர்கள், அதற்கு முன்பே 'டிகே-டெவ்' பொதியைப் போட்டிருக்க வேண்டும்.

பிறகு என்ன குறை? குறை பிரித்ததில் இல்லை, பிரித்ததைச் சொல்லாமல் விட்டதில்தான். மாட்யூல் இல்லை என்றதும் புதியவரின் கை தானாக 'பிப்' பக்கம் போகும். புதிய உபுண்டுவில், 'இது கணினியே நிர்வகிக்கும் பைத்தான், இதைத் தொடாதே' என்று பிப் விரட்டும். தனிச் சூழல் உருவாக்கிக் கேட்டாலும் டிகேஇன்டர் அங்கே கிடைக்காது. 'டிகே' என்று சுருக்கிக் கேட்டாலோ ஏதோ ஒன்று வெற்றிகரமாக இறங்கும்! ஆனால் அது டென்சர்கிட் என்ற சம்பந்தமே இல்லாத பொதி. ஒரு வரியில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு மாலைப்பொழுது காலி.

சொல்ல முடியாத விஷயமா இது? இல்லை. பைத்தான் 2 காலத்தில் இதே டெபியனும் உபுண்டுவும் 'பைத்தான்-டிகே பொதியை நிறுவவும்' என்று பிழைச் செய்தியிலேயே எழுதி வைத்திருந்தன. இன்னொரு வரைகலை லைப்ரரியான க்யூடி, 6.5 பதிப்பிலிருந்து 'லிப்எக்ஸ்சிபி-கர்சர்0' என்ற சின்னப் பொதியை எதிர்பார்க்கிறது. அது இல்லையென்றால் பெயரோடு கேட்கிறது. அந்தப் பெயர் அழகாக இல்லாவிட்டாலும் அதைப் பார்த்தவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

"தேடினால் பதில் கிடைக்குமே, இதுகூடத் தேடத் தெரியாதா?" என்பார்கள் பழகியவர்கள். எதைத் தேடுவது என்று தெரிந்தவருக்குத்தான் தேடல் சுலபம். தமிழ்நாட்டின் 12-ஆம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான்தான் பாடம்; பைப்ளாட் கொண்டு வரைபடம் வரைவதும் அதில் உண்டு. வரைகலை லைப்ரரி எதுவும் இல்லாத லினக்ஸில் அந்தப் பாடத்தைச் செய்து பார்க்கும் மாணவிக்கு வரைபடம் திறக்காது. திரையில் காட்ட இயலாது என்ற எச்சரிக்கை மட்டும் வரும். டிகேவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. அவள் என்ன நினைப்பாள்? ஒன்று, லினக்ஸ் மோசம். இல்லையென்றால், தனக்கு புரோகிராமிங் வராது. இரண்டுமே பொய். ஆனால் இரண்டாவதை நம்பிவிட்டால் அவள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

லினக்ஸைப் பரப்ப வேண்டும் என்று சொல்பவர்கள் இலவசம், சுதந்திரம் என்றெல்லாம் பேசுகிறார்கள். பேசட்டும். கூடவே, பேட்டரியைத் தனியாக விற்கும் பெட்டியின் மேல் 'பேட்டரி தனி' என்று எழுதிவிடட்டும். கடைக்காரர் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நியாயம் அது.