தொகுப்பு என்றால் இளக்காரமா?

இசை ரசிகர்கள் சிலருக்கு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்றாலே இளக்காரம். முழு ஆல்பம் கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்கானது என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸின் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976 பிப்ரவரியில் வந்தது. அதுவரை வந்திருந்த நான்கு ஆல்பங்களிலிருந்து பத்தே பத்துப் பாட்டுகள். அமெரிக்காவில் பிளாட்டினம் சான்றிதழ் பெற்ற முதல் ஆல்பம் இதுதான். 2018-ல் 38 மடங்கு பிளாட்டினமாகி, மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தையும் அங்கே முந்தியது.

'ஹோட்டல் கலிஃபோர்னியா' இருப்பதால்தானே இத்தனை விற்பனை என்கிறீர்களா? அந்தப் பாட்டே இதில் கிடையாது! அது வந்தது 1976 டிசம்பரில்.

இன்னொரு வேடிக்கை. இதிலுள்ள 'டெஸ்பராடோ'வை ஈகிள்ஸ் தனி இசைத்தட்டாக வெளியிட்டதே இல்லை. 'டெகீலா சன்ரைஸ்' பில்போர்டு பட்டியலில் 64-ம் இடத்தோடு நின்றுவிட்டது. கணக்குப்படி இரண்டுமே ஹிட் அல்ல. விற்பனையை மட்டும் பார்த்து அடுக்கியிருந்தால் இவை உள்ளேயே வந்திருக்காது.

ஆனால் கேட்டுப் பாருங்கள். 'ஆல்ரெடி கான்' பாட்டின் கிடார் ஆர்ப்பாட்டம் அடங்கியதும், பியானோவோடு 'டெஸ்பராடோ' மெதுவாக ஆரம்பிக்கும். இசைத்தட்டின் முதல் பக்கம் அதோடு முடியும். அடுத்து என்ன கேட்பது என்றே தோன்றாது. எதைச் சேர்ப்பது, எதற்குப் பின் எதை வைப்பது என்பதும் ரசனைதானே?

தொகுப்போடு நின்றுவிடாதீர்கள், முழு ஆல்பங்களையும் தேடிக் கேளுங்கள். ஆனால், தொகுப்பிலிருந்து தொடங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.